கேள்வி – பதில்: மேக்கா, லேமிங்டன் ரோடு அசெம்பிள்டா?

கேள்வி: வீட்டிலேயே சமைத்து ஆர்டர் கொடுக்கிறேன், கணக்கெல்லாம் டேலி சாஃப்ட்வேரில்தான். மகள் இந்த வருஷம் இன்ஜினியரிங் சேர்கிறாள். "மேக் வாங்கிடுக்கா, பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்கிறான் தம்பி. பக்கத்து ஃபிளாட் மாமாவோ "லேமிங்டன் ரோடு கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போய், பார்ட் பார்ட்டா வாங்கி அசெம்பிள் பண்ணிக்கோம்மா" என்கிறார். எது ரிப்பேர் இல்லாமல் ஓடும் சார்? – ஒரு வாசகி, முலுண்டு

பதில்: தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2020 கடைசியில் எம்1 சிப்போடு வந்த மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. அதனால் தூசியை உள்ளே இழுப்பதில்லை, சத்தமில்லை, சூடும் குறைவு, எளிதில் மக்கர் பண்ணாது. ஆனால் ரிப்பேர் எத்தனை முறை வரும் என்பது ஒரு கேள்வி, வந்தால் என்ன செலவாகும் என்பது வேறு கேள்வி. மேக்புக்கில் ரேமும் ஸ்டோரேஜும் போர்டிலேயே ஒட்டி வருகின்றன. கீபோர்டில் ஒரு டம்ளர் காபி கொட்டி போர்டு போச்சு என்றால் மொத்த போர்டையும் மாற்ற வேண்டியதுதான், உள்ளே இருக்கும் ஃபைல்கள் அந்தச் சிப்போடு சேர்த்துப் பூட்டப்பட்டிருப்பதால் டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு மெஷினில் மாட்டி எடுக்கிற வேலையும் நடக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது, மேக்கில் நேராக ஓடாது. உங்கள் கேள்விக்கு இது ஒன்றே போதும்.

தம்பி "செகண்ட் ஹேண்டில் வாங்கலாம்" என்று அடுத்து ஆரம்பிப்பார். இன்டெல் சிப் போட்ட பழைய மேக் மலிவாகக் கிடைக்கிறதே என்று கை வைக்க வேண்டாம். 2025-இல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கிடைக்கும் கடைசி மேக்ஓஎஸ் என்று ஆப்பிளே சொல்லிவிட்டது.

சரி, மாமா பக்கம் வருவோம். அசெம்பிள்டு மெஷினில் அவ்வப்போது ஏதாவது ஒன்று போகும், ஆனால் போனதை மட்டும் மாற்றினால் போதும், அதுதான் அதன் பலம். காலையில் ஆன் செய்ததும் தேதி எங்கோ பழைய வருஷத்துக்குப் போய் நின்றால் போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். வேலை நடுவே தானாக ரீஸ்டார்ட் ஆனால் முதலில் மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைச் சந்தேகப்படுங்கள், அல்லது பிராசஸர் ஃபேனில் சேர்ந்த தூசியை. கடையில் பிராசஸருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, கேபினெட்டோடு சும்மா தள்ளிவிடும் எஸ்எம்பிஎஸ்ஸைத் தலையாட்டி வாங்கிக்கொள்கிறோம், நம் ஆட்கள் செய்கிற பெரிய தவறு இது. அது போகும்போது மதர்போர்டையும் கூட இழுத்துக்கொண்டு போகலாம். நல்ல எஸ்எம்பிஎஸ், விண்டோஸ் இருக்கும் டிரைவ் கட்டாயம் எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத வேகமான டிஸ்க்), இரண்டில் கஞ்சம் வேண்டாம். ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனி வாரன்டி என்பதால் சீரியல் நம்பரோடு பில் கேளுங்கள். கடைக்காரர் துண்டுச்சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள், கிராண்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து இறங்கினால் கடைக்கா பஞ்சம்!

ஆனால் இருவரும் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, என் ஓட்டு அதற்குத்தான். பெரிய ஆபீஸ்கள் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் சின்ன பிராண்டட் டெஸ்க்டாப்புகளைப் புதுப்பித்து விற்கிறார்கள். எந்நேரமும் ஓடுவதற்கென்றே செய்த பெட்டிகள், ஒன்றிரண்டு ஸ்க்ரூவில் திறக்கும். டேலிக்கு அது தாராளம். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் வாங்காதீர்கள், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதில் மிச்சமாகும் பணத்தை மகளின் லேப்டாப்பில் போடுங்கள், எப்படியும் அவள் காலேஜுக்குத் தூக்கிக்கொண்டு போக ஒன்று வேண்டும். வாங்கும்போது "ரேம் ஸ்லாட் இருக்கா, ஒட்டினதா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

யுபிஎஸ்ஸையும் விடாதீர்கள். மும்பையில் கரண்ட் போகாது என்ற நம்பிக்கையில் இங்கே பலர் வாங்குவதில்லை. 2020 அக்டோபர் 12 அன்று லோக்கல் ரயிலே நின்றுபோனது நினைவிருக்கும். உள்ளே இருக்கும் பேட்டரி இரண்டு மூன்று வருஷம்தான் தாங்கும், அதை மாற்றாமல் "யுபிஎஸ் சரியில்லை" என்று திட்டக்கூடாது. அப்புறம், டேலி பேக்கப்பை அதே டிரைவில் எடுத்து வைத்தால் அது பேக்கப்பே இல்லை, வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் எடுத்துக் கழற்றி வையுங்கள்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் வீடு. ஒவ்வொரு மழைக்காலமும் டெஸ்க்டாப் படுத்துவிடுகிறது. பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் வைத்திருக்கிறோம். – ஒரு வாசகர், வெர்சோவா

பதில்: முதலில் அந்த உறையைத் தூக்குங்கள். ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறீர்கள், அதிலும் மெஷினை அணைத்த கையோடு சூட்டோடு மூடினால் கேட்கவே வேண்டாம். கடல் காற்றில் இருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து ரேம், கனெக்டர் முனைகளில் படியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேலை இல்லாவிட்டாலும் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், உள்ளே எழும் சூடே காய வைத்துவிடும். ஆன் ஆகாமல் பீப் மட்டும் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு மாட்டிப் பாருங்கள். சர்வீஸ்காரர் வந்தாலும் முதலில் இதைத்தான் செய்வார். ஜன்னலை ஒட்டி மேஜை இருந்தால் சுவர்ப்பக்கம் நகர்த்துங்கள்.

கேள்வி: 2015-இல் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 10. அப்பா தமிழில் கடிதம் அடிப்பார், பேப்பர் படிப்பார், அவ்வளவுதான். தூக்கிப் போட வேண்டுமா? – ஒரு வாசகி, தாராவி

பதில்: வேண்டாம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது, உங்கள் மெஷின் 11-க்கான பட்டியலிலும் வராது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பவர்களிடம் அப்பாவின் மெஷினைக் கொடுக்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, ரேம் 4 ஜிபி என்றால் அதை 8, மேலே விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் 22. இதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், வைஃபை, பிரிண்டர் எல்லாம் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகு இன்ஸ்டால் செய்யுங்கள். தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. பழைய கடிதங்கள் பாமினியில் இருந்தால் அந்த ஃபான்ட் ஃபைலையும் மறக்காமல் எடுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் கிறுக்கலாகத் தெரியும். முதல் வாரம் அப்பா முணுமுணுப்பார். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் பேட்டரி உப்பியிருக்கிறது, சார்ஜ் போடாமல் உடனே கடைக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: ஆன்டிவைரஸ் சேர்த்து வாங்கினால்தான் வாரன்டி என்கிறார் கடைக்காரர். உண்மையா? – ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: வாரன்டி தருவது தயாரித்த கம்பெனி, அதற்கும் ஆன்டிவைரஸுக்கும் சம்பந்தமே இல்லை. விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்குப் போதும். பில்லில் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.