சமோசாவும் அல்லேலூயாவும்

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் பிறந்து வளர்ந்தவள். இப்போது வேல்ஸில், ஸ்வான்ஸீக்குப் பக்கத்தில் நர்ஸாக இருக்கிறேன். போன வருஷம் இங்கே ஊர்க்காரர்கள் நடத்தும் பாடகர் குழுவில் சேர்ந்தேன். ஆடிஷன் எல்லாம் கிடையாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹாலுக்குப் போய் நின்றால் போதும். ஆல்ட்டோவில் (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறேன். ஊரில் சர்ச் கொயரில் சோல்ஃபா (டோ ரே மி எழுத்து) பார்த்துப் பாடியது கைகொடுக்கிறது.

டிசம்பரில் நிதி திரட்ட ஒரு பாட்டு மாலை. இயேசுவைப் பற்றி ஹேண்டல் இசையமைத்த ‘மெசையா’விலிருந்து நான்கு கோரஸ் (குழுவாகப் பாடுவது), அப்புறம் சில கேரல்கள் (கிறிஸ்துமஸ் பாட்டுகள்). வரும் பணத்தில் பாதி இங்குள்ள ஹாஸ்பிஸுக்கு (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்), பாதி குழுவின் செலவுக்கு. ஆனால் இரண்டு மணி நேரப் பயிற்சியில் அரை மணி நேரம் ராஃபிள் (பரிசுக் குலுக்கல்) சீட்டு, கேக், நாற்காலி என்று பேச்சிலேயே போய்விடுகிறது. டெனரில் (ஆண்களின் மேல்குரல்) மூன்றே பேர். அந்த நான்கில் ஒன்றான ‘அல்லேலூயா’ இன்னும் தடுமாறுகிறது. போன வாரம் என்னிடம், “நீங்கள் சமோசா செய்துவிடுங்கள், இருநூறு போதும்” என்றார்கள். பாடப் போகிறாயா, சமோசா சுடப் போகிறாயா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். பாட்டை வைத்துப் பணம் சேர்ப்பது பாட்டை மலிவாக்கிவிடாதா?

ர.

அன்புள்ள ர.,

மலிவாக்காது. நீங்கள் பாடப்போகும் ‘மெசையா’வே நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றில்தான் அரங்கேறியது. 1742 ஏப்ரல் 13, நண்பகல், டப்ளினில் ஃபிஷாம்பிள் தெரு இசை மண்டபம். வரும் பணம் யாருக்கு என்று பத்திரிகை விளம்பரத்திலேயே போட்டுவிட்டார்கள்: கடன் கட்ட முடியாமல் சிறையில் கிடந்தவர்களுக்கு, மெர்சர்ஸ் மருத்துவமனைக்கு, இன்னொரு தர்ம ஆஸ்பத்திரிக்கு. டிக்கெட் அரை கினி (கினி அந்தக் கால ஆங்கிலேய நாணயம்). சுமார் 400 பவுண்டு சேர்ந்தது. அதில் சிறைக்குப் போன பங்கைக் கொண்டு 142 பேரின் கடனை அடைத்து வெளியே கொண்டுவந்தார்கள்.

நாற்காலிப் பேச்சு அலுப்பாக இருக்கிறது என்கிறீர்கள். டப்ளினிலும் பெரிய கவலை அதுதான். மண்டபத்தில் 600 பேருக்குத்தான் இடம். அந்தக் காலச் சீமாட்டிகள் பாவாடைக்குள் வளையம் வைத்துக் கட்டுவார்கள், ஒருவர் உட்கார்ந்தால் இரண்டு பேர் இடம் போய்விடும். அதனால் தயவுசெய்து வளையம் இல்லாமல் வாருங்கள், இன்னும் பலருக்கு இடம் கிடைக்கும், தர்மமும் பெருகும் என்று அறிவிப்புக் கொடுத்தார்கள். ஆண்களிடம் இடுப்பு வாளை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். 700 பேர் வந்து சேர்ந்தார்கள்.

ஆள் பற்றாக்குறையும் புதிதல்ல. ஹேண்டலின் கோரஸ் பாடகர்கள் டப்ளினின் இரண்டு கதீட்ரல்களிலிருந்து வரவேண்டியவர்கள். அதில் ஒன்றான செயின்ட் பேட்ரிக்கின் டீன் (தலைமைக் குரு) ஜோனதன் ஸ்விஃப்ட், கலிவர் கதை எழுதிய அதே ஸ்விஃப்ட். அந்த ஜனவரியில் அவர், ஃபிஷாம்பிள் தெருப் பிடில்காரர்களின் கிளப்புக்கு என் ஆட்கள் யாரும் பாடப் போகக்கூடாது என்று கண்டிப்பாக எழுதினார். பிறகு எப்படியோ சமாதானமாகி அனுப்பிவைத்தார். மூன்று டெனரை வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடு அவ்வளவு மோசமில்லை.

ஆனால் பயிற்சி நேரம் பேச்சில் போகிறது என்று சொல்கிறீர்களே, அதில் நான் முழுக்க உங்கள் பக்கம். ‘அல்லேலூயா’ எல்லாருக்கும் காதில் இருக்கும் பாட்டு. அதனாலேயே பயிற்சி வேண்டாம் என்று தோன்றிவிடும். ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ வருகிற இடத்தைப் பாருங்கள். முதலில் நீங்களும் சொப்ரானோவும் (பெண்களின் மேல்குரல்) சேர்ந்து நீண்ட ஸ்வரத்தைப் பிடிக்கிறீர்கள். அப்புறம் நீங்கள் கீழே போய் மற்றவர்களோடு ‘ஃபார் எவர்’ என்று வெட்டி வெட்டிப் பாட, சொப்ரானோ மட்டும் ஒவ்வொரு படியாக மேலே ஏறுகிறது. மூச்சைச் சரியாகப் பங்கு போட்டுக்கொள்ளாவிட்டால் மூன்றாவது படியிலேயே சுருதி இறங்கும், கூட இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு இறங்கும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நான் வாங்கமாட்டேன் என்று ஆளுக்கு ஆள் பேசிவைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. கடைசியில் எல்லாம் சட்டென்று நின்று, ஒரு வெற்றிடம் விட்டு இறுதி அல்லேலூயா வரும். எண்ணிக்கை தவறிய யாராவது ஒருவர் அந்த வெற்றிடத்தில் தனியாகக் கத்திவிடுவார், பெரும்பாலும் குழுவிலேயே நம்பிக்கை அதிகமான ஆள். ராஃபிளுக்குப் போகும் அரை மணி நேரம் இந்த இரண்டு இடங்களுக்குப் போகவேண்டியது. பணப் பேச்சுக்கு நான்கு பேர் தனியாக வேறொரு நாள் உட்காரட்டும் என்று கொயர் மாஸ்டரிடம் சொல்லிப் பாருங்கள்.

டப்ளின்காரர்களிடம் திருட ஒரு யோசனையும் இருக்கிறது. ஏப்ரல் 9ஆம் தேதி அவர்கள் ஒத்திகையையே ஆட்கள் முன்னால் நடத்தினார்கள். கச்சேரிக்குப் பணம் கட்டியவருக்கு ஒத்திகைச் சீட்டு இலவசம். ஒத்திகையைப் பாராட்டிப் பத்திரிகையில் எழுதினார்கள், கச்சேரிக்கு அதைவிட நல்ல விளம்பரம் எது? உங்கள் கடைசிப் பயிற்சிக்கும் கதவைத் திறந்து வையுங்கள். பார்க்க ஆள் வருகிறது என்றால் கேக் பேச்சு தானாக அடங்கும்.

சோல்ஃபா பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் நாரிச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கியதை ஜான் கர்வென் என்ற பாதிரியார் சீர்செய்து பரப்பினார். 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர்கள் சேப்பல்களில் நான்கு குரல் பாட்டைப் படித்தது பெரும்பாலும் அந்த எழுத்தில்தான். உங்கள் குழுவில் எழுபது, எண்பது வயதுக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். நாசரேத்தில் நீங்கள் பார்த்துப் பாடிய அதே டோ ரே மி அவருக்கும் தெரிந்திருக்கலாம். ஐந்துகோட்டு இசைக்குறியீடு தெரியாததால் கூச்சப்பட்டுச் சேராமல் நிற்கும் டெனர்கூட அப்படி ஒருவர் வழியாகக் கிடைக்கக்கூடும்.

சரி, சமோசா. நம்மூர் சர்ச்சின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த ஒரு கட்டு முருங்கைக்காயை ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் எடுப்பவர் முருங்கைக்காய்க்கா கொடுக்கிறார்? ராஃபிளும் அப்படித்தான், அதை மட்டமாக நினைக்காதீர்கள். ஆனால் இந்தியாவிலிருந்து வந்தவர் என்றால் சமோசா சுடத் தெரிந்திருக்கும் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ! தென்மாவட்டத்தில் பிறந்த யார் வீட்டில் சமோசா சுட்டார்கள்? டீக்கடையில் வாங்கித் தின்றதோடு சரி. கச்சேரி நாளன்று எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுவிட்டு வந்தால் தொண்டை பாட்டுக்கு ஆகாது. முடியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், ஃபிரீசரில் விற்பதை வாங்கிக்கொள்ளட்டும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. பாதி ஹாஸ்பிஸுக்கு, பாதி குழுவுக்கு என்ற கணக்கு டிக்கெட்டில் அச்சாகியிருக்கிறதா? ஹால் வாடகைக்கும் பியானோக்காரருக்கும் பணம் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சுவரொட்டியில் ஹாஸ்பிஸ் பேரை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டு மீதியைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. அதோடு, டிக்கெட் காசுக்கு கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கு அரசாங்கம் திருப்பித் தரும் வரி) கிடைக்காது. தனியாகக் கொடுக்கும் நன்கொடைக்குக் கிடைக்கும். வரி கட்டுகிறவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு பவுண்டு கொடுத்தால், ஹாஸ்பிஸ் அரசாங்கத்திடமிருந்து இன்னும் 25 பென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். டிக்கெட் விலையைக் குறைவாக வைத்து, ஒவ்வொரு நாற்காலியிலும் ஹாஸ்பிஸின் நன்கொடைக் கவர் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். கவரை இடைவேளைக்கு முன்பே வாங்கிவிட வேண்டும், டீ குடிக்கப் போனவர்களில் பாதிப் பேர் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.