பூஜ்ஜியத்துக்கும் பொறுப்பு உண்டு: அளவீடு, அலகு, முக்கிய எண்ணுருக்கள் குறித்த கேள்வி-பதில்

ஜூன் மாதம் பள்ளி திறந்து, பதினோராம் வகுப்பு இயற்பியலின் முதல் பாடம் தொடங்கியதும், வண்ணாரப்பேட்டையில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் அவர்களை அழைத்துவரும் பெற்றோரும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் அளவீட்டைப் பற்றியவையாகவே இருக்கின்றன. மதிப்பெண் குறைவான பாடம் என்று பலரும் இதை ஒரே வாரத்தில் தாண்டிவிடுகிறார்கள். பிறகு ஆண்டு முழுவதும் கணக்குக்கு அரை மதிப்பெண் வீதம் வட்டி கட்டுகிறார்கள். ஓர் அளவீட்டில் எழுதப்படும் ஒவ்வோர் இலக்கமும், ‘இதை நான் அளந்தேன்’ என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குச் சமம் என்பதையும், அப்படி அளந்து பெற்ற இலக்கங்களே முக்கிய எண்ணுருக்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு கீழுள்ள பதில்களைப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: 4500 மீட்டர் என்பதில் முக்கிய எண்ணுருக்கள் இரண்டா, நான்கா? ஒரு புத்தகத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருக்கிறது. (பதினோராம் வகுப்பு மாணவி, ராயபுரம்)

பதில்: உங்கள் குழப்பத்தில் தவறில்லை, அந்த எண்ணே குழப்பமானதுதான். தசமப்புள்ளி இல்லாத வெற்று எண்ணின் கடைசிப் பூஜ்ஜியங்கள் கணக்கில் சேராது என்பது பொது விதி. நம் மாநிலப் பாடநூலோ, அதே எண் அலகோடு ஓர் அளவீடாக வந்தால் பூஜ்ஜியங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. தேர்வில் எந்தப் பாடத்திட்டமோ அதன் விதியைப் பின்பற்றுங்கள். ஆனால் நீங்களே அளந்து எழுதும்போது இந்தச் சிக்கலுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

நூறு மீட்டருக்கு ஒரு முறை மட்டும் எண் மாறும் ஆட்டோ மீட்டரில் 4.5 கிலோமீட்டர் என்று கண்டால், பத்து மீட்டர், ஒரு மீட்டர் இடங்களில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அதை 4.5×10³ மீ என்று எழுதவேண்டும். அதே தூரத்தை ஒருவர் நாடா பிடித்து மீட்டர் கணக்கில் அளந்து முடித்திருந்தால், அவர் 4.500×10³ மீ என்று எழுத உரிமை பெற்றவர். இப்படிப் பத்தின் அடுக்கோடு எழுதும் அறிவியல் குறியீட்டு முறையின் முதற்பயன் பெரிய எண்ணைச் சுருக்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். எந்தப் பூஜ்ஜியம் அளந்து பெற்றது, எது இடம் நிரப்ப வந்தது என்று பிரித்துக் காட்டுவதே அதைவிடப் பெரிய பயன் என்பது என் கருத்து.

இதற்கு எவரெஸ்ட் சிகரத்தை வைத்து ஒரு கதை சொல்வார்கள். அதன் உயரம் 29,002 அடி என்று நில அளவைத் துறை 1856-இல் அறிவித்தது. (உங்கள் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.) கணக்கில் உண்மையில் வந்த விடை சரியாக 29,000 அடி என்றும், அப்படியே அறிவித்தால் ஏதோ உத்தேசமாகச் சொன்னதாக உலகம் எண்ணிவிடும் என்று அஞ்சி இரண்டடி கூட்டினார்கள் என்றும் அந்தக் கதை போகிறது. கதை எந்த அளவுக்கு மெய்யோ, அந்த அச்சம் நியாயமானதே. 2.9000×10⁴ அடி என்று எழுதியிருந்தால் ஐந்து இலக்கங்களும் அளக்கப்பட்டவை என்பது ஒரு பொய்யும் இல்லாமல் விளங்கியிருக்கும்.

கேள்வி: ஒளியின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். மகன் 30×10⁷ என்று எழுதினான். பள்ளியில் தவறு என்று அடித்துவிட்டார்கள். கோடி என்றால் பத்தின் அடுக்கு ஏழு இல்லையா? (பெற்றோர், கொடுங்கையூர்)

பதில்: ஏழுதான், அம்மா. மதிப்பு சரி, வடிவம்தான் சரியில்லை. அறிவியல் குறியீட்டில் முன்னே நிற்கும் எண் ஒன்றுக்குக் குறையாமலும் பத்துக்குக் கீழேயும் இருக்கவேண்டும் என்பதால் 3.0×10⁸ என்று எழுதவேண்டும். நீங்கள் சொல்லிக்கொடுத்த வழியை விட்டுவிட வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு மில்லியன், பில்லியனைவிட லட்சமும் கோடியும்தான் கைக்கு அடங்கும். லட்சத்துக்கு ஐந்து, கோடிக்கு ஏழு, கிலோவுக்கு மூன்று என்று அடுக்குகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். 15 என்பது 1.5×10¹, அதனுடன் ஏழும் மூன்றும் சேர, 1.5×10¹¹ மீட்டர்.

புள்ளியை எந்தப் பக்கம் நகர்த்தினால் அடுக்கு கூடும் என்று மனப்பாடம் செய்பவர்கள் தேர்வறையில் மறந்துவிடுகிறார்கள். முன்னிற்கும் எண் சிறுத்தால் அடுக்கு வளரும், அது பெருத்தால் அடுக்கு தேயும் என்று தராசின் இரண்டு தட்டுகளைப் போல நினைத்துக்கொண்டால் போதும். இன்னொன்று: ஒளியின் வேகம் 29,97,92,458 மீ/வி என்பது 1983 முதல் அளவீடு அன்று, வரையறை. மீட்டரின் நீளமே அதிலிருந்துதான் பெறப்படுகிறது. ஆகவே அந்த எண்ணில் பிழைக்கு இடமில்லை, 3.0×10⁸ என்பது நம் வசதிக்காக முழுதாக்கியது.

கேள்வி: இரும்புக் குண்டின் அடர்த்தி காணும் சோதனையில் விட்டம் 2.34 செ.மீ., நிறை 52.3 கிராம். எனக்கு விடை 7.80 கிராம்/செ.மீ³, அதே அளவுகளை வைத்துக்கொண்டு நண்பனுக்கு 7.79. யார் சரி? (திருவொற்றியூர் மாணவர்)

பதில்: இந்த ஆண்டு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்; ஆகையால் சற்று நீட்டியே பதில் சொல்கிறேன்.

விட்டத்தை இரண்டால் வகுத்து ஆரம் 1.17 செ.மீ. என்று பெறுகிறோம். வகுக்கும் ‘2’ அளந்து பெற்ற எண் அன்று என்பதால் அது விடையின் இலக்கங்களைக் குறைக்காது; கோளத்தின் கனஅளவுக்கான (4/3)πr³ என்ற சூத்திரத்தில் வரும் 4/3 என்பதும் அப்படியே. கனஅளவு 6.7088 செ.மீ³ என்று வருகிறது. இதை இப்படியே வைத்துக்கொண்டு நிறையை வகுத்தால் 7.7957 கிடைக்கும், மூன்று இலக்கத்துக்கு முழுதாக்கினால் 7.80. உங்கள் நண்பர் அனேகமாகக் கனஅளவை நடுவிலேயே 6.71 என்று முழுதாக்கி, அதைக் கொண்டு வகுத்திருப்பார்; 7.794 வந்து 7.79 ஆகியிருக்கும். அல்லது பையின் (π) மதிப்பை 22/7 என்று எடுத்திருப்பார். அது மூன்று இலக்கம் வரைதான் பையோடு ஒத்துப்போகும் என்பதால் அந்த வழியிலும் 7.79-தான் வரும். இடைப்பட்ட படிகளில் ஓரிரு இலக்கங்களைக் கூடுதலாகவே வைத்திருக்கவேண்டும், கடைசி வரியில் ஒரே ஒரு முறை முழுதாக்கவேண்டும், பை போன்ற மாறிலிகளைத் தரவுகளைவிட ஓரிலக்கம் கூட்டி எடுக்கவேண்டும். இந்த வகையில் உங்கள் விடையே முறையானது. அதையே எஸ்.ஐ. (பன்னாட்டு அலகு முறை) அலகில் 7.80×10³ கி.கி/மீ³ என்று எழுதுங்கள். 7800 என்று எழுதினால் மேலே ராயபுரம் மாணவி கேட்ட கேள்வி திரும்பவும் எழும்.

ஆனால் நண்பரிடம் வெற்றிக்கொடி நாட்ட வேண்டாம். வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 செ.மீ. எனவே விட்டத்தின் விழுக்காட்டுப் பிழை ஏறத்தாழ 0.43, ஆரம் மும்மடியாக வருவதால் அது மூன்று மடங்காகி 1.28 ஆகிறது. தராசின் பிழை 0.1 கிராம் என்று கொண்டால் அது வெறும் 0.19 விழுக்காடு. இரண்டும் சேர்ந்தால் 1.47 விழுக்காடு, அதாவது அடர்த்தியில் 0.1 அளவுக்கு ஐயம். உண்மையான முடிவு 7.8 ± 0.1 கிராம்/செ.மீ³ என்பதே. நீங்கள் இருவரும் சண்டையிட்டுக்கொண்ட இலக்கத்தை உங்கள் கருவி பார்க்கவே இல்லை! இரும்பின் அடர்த்தியாக நூல்கள் தரும் 7.87-உம் இந்த எல்லைக்குள்தான் அடங்குகிறது. முக்கிய எண்ணுரு விதி ஒரு கைக்கணக்கு. பிழைக் கணக்கீடுதான் முழுக்கணக்கு. தேர்வில் மூன்று இலக்கம் எழுதுங்கள், செய்முறை ஏட்டில் பிழையையும் சேர்த்து எழுதுங்கள். இந்தச் சோதனையை மேம்படுத்த விரும்பினால் நல்ல தராசைத் தேடி அலையாமல், விட்டத்தை இன்னும் நுண்ணிய திருகு அளவியால் அளக்கவேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே தெரியும்.

கேள்வி: 3.45-ஐயும் 3.35-ஐயும் இரண்டு இலக்கத்துக்கு முழுதாக்கினால் இரண்டுக்கும் 3.4 என்றே விடை போட்டிருக்கிறார்கள். அச்சுப்பிழையா? (தண்டையார்பேட்டை)

பதில்: இல்லை. நீக்கப்படும் இலக்கம் சரியாக 5 மட்டும் என்றால், முன்னிருப்பது இரட்டைப்படையானால் அப்படியே விடுவதும் ஒற்றைப்படையானால் ஒன்று கூட்டுவதும் மரபு. எப்போதும் மேல்நோக்கியே முழுதாக்கினால் பல எண்களின் சராசரி மெல்ல மேலே ஏறிவிடும் என்பதே காரணம். 3.451 என்றால் இந்த விதி பொருந்தாது, அது 3.5.

கேள்வி: அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஆழத்தைப் பாகத்திலும் தூரத்தை நாட்டிக்கல் மைலிலும்தான் சொல்வார். இவற்றை எஸ்.ஐ. அலகுக்கு மாற்றும்போது எத்தனை இலக்கம் எழுதவேண்டும்? (காசிமேடு)

பதில்: நாட்டிக்கல் மைல் என்பது 1852 மீட்டர், இது வரையறுக்கப்பட்ட துல்லியமான எண். கடலில் அதை இன்னும் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அட்சரேகையில் ஒரு கலை அளவு, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, நகர்ந்தால் கடக்கும் தூரம் ஏறத்தாழ அதுவே என்பதால் வரைபடத்திலிருந்தே தூரத்தைப் படித்துவிடலாம். மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல் என்பதே ஒரு நாட் வேகம், அது 0.5144 மீ/வி.

பாகம் என்பது இரு கைகளையும் விரித்துக் கயிற்றை அளந்த காலத்து அலகு. ஆறடியாகக் கொண்டால் 1.8288 மீட்டர். உங்கள் அப்பா 22 பாகம் என்று சொன்னால், கால்குலேட்டர் 40.2336 மீட்டர் என்று காட்டும். மாற்றுக் காரணியில் ஐந்து இலக்கம் இருக்கிறது என்பதற்காகக் கடலின் ஆழம் மில்லிமீட்டருக்குக் கீழே தெரிந்துவிடாது. அவர் தந்தது இரண்டு இலக்கம், நாம் தரவேண்டியதும் இரண்டு, 4.0×10¹ மீ.

படகில் எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழம் காணும் கருவி) இருந்தால் இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1.5×10³ மீட்டர் செல்லும். அடித்தரையைத் தொட்டுத் திரும்ப 80.4672 மீட்டர், ஆகும் நேரம் 5.4×10⁻² நொடி. முன்பே 40 என்று முழுதாக்கிவிட்டுச் செய்தால் 5.3×10⁻² வரும். திருவொற்றியூர் நண்பரின் பிழை கடலிலும் காத்திருக்கிறது.

கேள்வி: வெப்ப ஏற்புத்திறன் சோதனையில் வெப்பநிலை 30.2 டிகிரியிலிருந்து 31.6 டிகிரிக்கு உயர்ந்தது. எல்லா அளவும் மூன்று இலக்கம். விடை மட்டும் ஏன் இரண்டு இலக்கம்? (வியாசர்பாடி மாணவி)

பதில்: கழித்தலில் பார்க்கவேண்டியது தசம இடங்களை. 31.6 − 30.2 = 1.4, மூன்று இலக்க எண்கள் இரண்டிலிருந்து இரண்டிலக்க எண் பிறந்துவிட்டது. பிறகு எதனோடு பெருக்கினாலும் அந்த இழப்பு உடன் வரும். விதியைக் குறைசொல்லாமல் சோதனையை மாற்றுங்கள்: நீரை இன்னும் சூடாக்கி, வித்தியாசம் பத்து டிகிரியைத் தாண்டும்படி செய்தால் மூன்றாம் இலக்கம் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: கரண்ட் பில்லில் வரும் ‘யூனிட்’ ஆற்றலா, திறனா? (எண்ணூர்)

பதில்: ஆற்றல். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி, 3.6×10⁶ ஜூல். இரண்டு மாதத்துக்கு 412 யூனிட் என்றால் 1.48×10⁹ ஜூல். அறுபது நாட்களால் வகுத்தால் சராசரித் திறன் 286 வாட். உங்கள் பக்கத்திலேயே, வட சென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டாம் நிலையில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு உள்ளன. இரண்டும் ஒரு நாள் முழுத்திறனில் ஓடினால் 1.2×10⁹ வாட்டை 8.64×10⁴ நொடியால் பெருக்கி 1.0×10¹⁴ ஜூல் என்று சொல்லலாம். ‘மணிக்கு 600 மெகாவாட்’ என்று எழுதுவது பொருளற்றது. வாட் என்பதிலேயே ‘நொடிக்கு’ அடங்கியிருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு வரியிலும் அலகு எழுதவேண்டுமா? கடைசியில் எழுதினால் போதாதா? (பெரம்பூர்)

பதில்: எழுதவேண்டும். 1983 ஜூலையில் கனடாவில் ஒரு பயணிகள் விமானம் எரிபொருள் தீர்ந்து நடுவானில் இயந்திரங்கள் நின்று, கைவிடப்பட்ட விமானத்தளமொன்றில் மிதந்தே இறங்கியது, உயிரிழப்பு இல்லை. தொட்டியில் இருந்த 7,682 லிட்டரைக் கிலோகிராமாக மாற்ற ஏறத்தாழ 0.80 ஆல் பெருக்கவேண்டிய இடத்தில், பவுண்டுக்கு உரிய 1.77 ஆல் பெருக்கிவிட்டார்கள். அந்த 1.77-க்குப் பக்கத்தில் ‘பவுண்டு/லிட்டர்’ என்று எழுதியிருந்தால், லிட்டர் வெட்டுப்பட்டுப் பவுண்டு எஞ்சி நின்று, தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்திருக்கும்.

பரப்பளவுக் கணக்குகளில் இது இன்னும் அவசியம். செ.மீ²-ஐ மீ² ஆக்க 10⁻² ஆல் பெருக்குகிற பிள்ளைகள் வகுப்புக்குப் பாதிப்பேர். அடைப்புக்குறிக்குள் அலகையும் போட்டு (10⁻² மீ)² என்று எழுதினால் 10⁻⁴ தானே வரும். ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. ஓர் அடி 0.3048 மீட்டர். 2400×(0.3048 மீ)² = 223 மீ². இருமடியை மறந்துவிட்டால் 732 மீ² என்று வரும். அந்தக் கணக்கில் மனை விற்க யாரும் முன்வரப்போவதில்லை.