எங்கள் ஊரில் யார் யாருக்கு பி.எம். கிசான் பணம் வருகிறது?

கேள்வி: மூன்று ஏக்கர் குத்தகை நிலத்தில் நெல் பயிரிடுகிறேன். விவசாயிகளுக்கு மத்திய அரசு தவணை தவணையாகத் தரும் பி.எம். கிசான் பணம் எனக்கு வருவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கு வருகிறது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா என்று அறிய எனக்கு உரிமை உண்டா?

பதில்: உண்டு. முதல் கட்டத்துக்கு மனுகூட வேண்டாம். பி.எம். கிசான் இணையதளத்தின் பயனாளிகள் பட்டியலில் மாநிலம் தொடங்கிக் கிராமம் வரை தேர்ந்தெடுத்தால், உங்கள் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வந்துவிடும். கடவுச்சொல் கிடையாது, யாரும் பார்க்கலாம். ஆனால் பெயருக்கு மேல் அதில் அதிகம் இராது. ஊரில் நான்கு முருகேசன்கள் இருந்தால் எந்த முருகேசன் என்று அது சொல்லாது.

புகாருக்கு முன் விதியைப் பாருங்கள். மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெறுபவருக்கு (கடைநிலை ஊழியர் நீங்கலாக) இந்தத் தொகை கிடையாது. கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் ஆகியோர் சேர்ந்தது ஒரு குடும்பம். ஒருவர் தகுதி இழந்தால் குடும்பமே இழக்கும். ஆகவே பட்டா ஆசிரியரின் மனைவி பெயரில் இருந்தாலும் பணம் வரக்கூடாது. ஆனால் வயது வந்த மகன் தனிக் குடும்பம். 2019 பிப்ரவரி 1-க்கு முன்பே நிலம் அவன் பெயருக்கு வந்திருந்தால், அவன் வாங்குவதில் தவறில்லை. ஊர்ப்பேச்சு இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

சந்தேகம் தீரவில்லையா? வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. ‘அவருக்கு ஏன் கொடுத்தீர்கள்’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ‘எங்கள் கிராமப் பயனாளிகளின் பட்டியல், தகுதி சரிபார்த்த ஆவணத்தின் நகல்’ என்று கேளுங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் பக்கம் போகவே வேண்டாம். மானியப் பயனாளிகளின் விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிடவேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

‘தனிநபர் தகவல்’ என்று மறுக்கக்கூடும். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவைத் திருத்தி, அப்படி மறுப்பதைச் சுலபமாக்கிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. 2020-இல் தமிழகத்தில் உழவுக்கே சம்பந்தமில்லாத லட்சக்கணக்கானோர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போனது. அந்தப் பெயர்களைக் கிராம சபையில் உரக்க வாசித்திருந்தால் பாதியாவது அன்றே பிடிபட்டிருக்கும். நல்லவேளை, பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்னும் 8(2) அப்படியே இருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டாலும் மறுத்தாலும், அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.

உங்கள் சொந்த விஷயம் வேறு. இத்திட்டம் நிலம் தன் பெயரில் உள்ளவருக்கு மட்டுமே. ஆசிரியர் வீட்டுப் பெயர் நீங்கினாலும் அந்த 2,000 ரூபாய்த் தவணை உங்கள் கணக்குக்கு வராது. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். அதற்கு, அடங்கலில் (யார் என்ன பயிரிடுகிறார் என்னும் கிராமக் கணக்கில்) சாகுபடியாளராக உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.