0.6 பெரிதா, 0.35 பெரிதா?

அன்புள்ள ஐயா,

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் 42 பேர். மாணவர் மையக் கற்பித்தல் பற்றிய பயிற்சிக்குப் போய்வந்ததும் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு ஏழு குழுக்களாக உட்கார வைத்தேன். சத்தம் கூடியது, மதிப்பெண் கூடவில்லை. குழுவில் ஒருவர் எழுத, மற்ற ஐந்து பேர் பார்த்து எழுதுகிறார்கள். தலைமையாசிரியரும் கண்டித்துவிட்டார். பதினைந்து பேர் மெல்லக் கற்போர். அதில் ஒரு பையன் 0.6-ஐ விட 0.35 பெரிது என்று எத்தனை முறை திருத்தினாலும் எழுதுகிறான். ஆசிரியராக நான் வளர எம்.எட். சேரலாமா, இணையவழிப் படிப்புகள் போதுமா?

சி.

அன்புள்ள சி.,

42 நோட்டுகளைத் திருத்துகிற ஒருவருக்கு, ஒரு பையன் எழுதிய தவறு எண்ணோடு நினைவில் நிற்கிறது. இந்தக் கவனம் உங்களிடம் இருக்கிறது என்பதால்தான் பதில் எழுதுகிறேன். ஆனால் அதே மூச்சில் அவனை இன்னும் பதினான்கு பேரோடு சேர்த்துக் கட்டி ‘மெல்லக் கற்போர்’ என்று சீட்டு ஒட்டிவிட்டீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அவன் மெதுவாகக் கற்கவில்லை. ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறான். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படி, 35 பெரிது, 6 சிறிது. விதிதான் தவறு. நீங்கள் திருத்தியதெல்லாம் விடையை. விதியை நீங்கள் தொடவே இல்லை.

அந்த விதி அவனுக்கு எங்கிருந்து வந்தது? முதலில் நம் வாயிலிருந்து. வகுப்பில் ‘பாயிண்ட் முப்பத்தைந்து’ என்றுதான் சத்தமாகப் படிக்கிறோம். ‘பாயிண்ட் மூன்று ஐந்து’ என்று படித்துப் பழக்கியிருக்க வேண்டும். அடுத்து, புரியட்டும் என்று ரூபாய் பைசாவைக் கொண்டு வருகிறோம். விலை எப்போதும் 2.50 என்று இரண்டு இலக்கத்தில்தான் இருக்கும், 2.5 என்று எந்தக் கடையிலும் எழுத மாட்டார்கள். ஆகவே பைசாவை முழு எண்ணாகப் படிக்கிற பிள்ளைக்குப் பணக் கணக்கில் ஒருநாளும் தவறு வராது, அவன் விதி இன்னும் உறுதியாகிவிடும். கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைக்கு வேறு சிக்கல். 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். அங்கே புள்ளி வெறும் வேலி. ஆறாவது பந்தோடு 5 ஆகிவிடுகிறது.

இப்போது நீங்கள் பார்க்காத இன்னொரு பிள்ளையைச் சொல்கிறேன். 0.6, 0.35 இரண்டில் அவள் 0.6 என்று சரியாக எழுதுவாள், நீங்களும் டிக் போடுவீர்கள். அவளிடமே 0.73, 0.4 கொடுங்கள். 0.4 பெரிது என்பாள். பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரிது என்று கேட்டதைப் பாதி பிடித்துக்கொண்டு, இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்று விதி செய்திருக்கிறாள். உங்கள் பையனோ 0.73 என்று சரியாகவே எழுதுவான். முதல் கேள்வி மட்டும் இருந்தால் அவன் தோற்கிறான், அவள் ஜெயிக்கிறாள். இரண்டாவது மட்டும் இருந்தால் தலைகீழ். இரண்டும் சேர்ந்தால்தான் இருவரும் தெரிகிறார்கள். 0.35, 0.62 போல இரண்டு பக்கமும் ஒரே அளவு இலக்கம் உள்ள கேள்வியில் இருவருமே முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் அரைத் தாளில் மூன்றே கேள்வி கேளுங்கள். 0.6, 0.35 எது பெரிது? 0.73, 0.4 எது பெரிது? 0.3-க்கும் 0.4-க்கும் நடுவே ஓர் எண் இருக்கிறதா, இருந்தால் எழுது. மதிப்பெண் போடாதீர்கள், போட்டால் பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள். மாலையில் முதல் இரண்டு விடையை வைத்துத் தாள்களை நான்கு அடுக்காகப் பிரியுங்கள். இரண்டும் சரி, உங்கள் பையனைப் போல, அந்தப் பெண்ணைப் போல, மற்றவை. முதல் அடுக்கில் மூன்றாம் கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியவர்களைத் தனியே எடுத்து வையுங்கள். அவர்களில் பலர் பூஜ்யம் சேர்க்கும் குறுக்குவழியில் தப்பித்தவர்கள். 0.6-ஐ 0.60 ஆக்கு, இப்போது 60 பெரிதா 35 பெரிதா என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோமே, அது அவன் தவறான விதிக்குச் சரியான விடையை வாங்கித் தருகிறது. விதி அடியில் அப்படியே கிடக்கும், பின்னால் தசமப் பெருக்கலிலோ அறிவியல் அளவீட்டிலோ வெளியே வரும். பூஜ்யம் ஏன் மதிப்பை மாற்றவில்லை என்று பிள்ளை சொல்லத் தெரிந்துகொள்ளும் வரை அந்த வழியைக் கொடுக்காதீர்கள்.

மறுநாள் பத்துக்குப் பத்து கட்டத் தாள். முழுத் தாள் 1, ஒரு பத்தி 0.1, ஒரு கட்டம் 0.01. 0.6-க்கு ஆறு பத்திக்கு வண்ணம் தீட்டட்டும், 0.35-க்கு மூன்று பத்தியும் ஐந்து கட்டமும். தீட்டும் முன்னால் எது பெரிதாக வரும் என்று எழுதி வாங்கிவிடுங்கள். இது முக்கியம். முன்கூட்டிச் சொன்னது பொய்த்தால்தான் விதி ஆடும். சும்மா வண்ணம் தீட்டினால் அது ஓவிய வகுப்பு. பிறகு தையல் டேப்பில் 0.6 மீட்டரையும் 0.35 மீட்டரையும் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

குழுவுக்கு இங்கேதான் வேலை வருகிறது. ஆறு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். உங்கள் பையனையும் அந்தப் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இருவரும் வேறு வேறு விடை சொல்வார்கள், பேச ஒரு காரணம் இருக்கும். பேச எதுவும் இல்லாத குழுவில் ஒருவர் எழுதத்தான் செய்வார், மற்றவர்கள் பார்த்து எழுதத்தான் செய்வார்கள். அதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். ‘எப்படி வந்தது?’ என்று சரியான விடைக்கும் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்து, கேள்வி கேட்ட ஆசிரியர் பொதுவாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார் என்று கண்டார். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாதவர்களும் பேசினார்கள்.

சத்தம் பெரிய விஷயமில்லை. தலைமையாசிரியரிடம் அந்த நான்கு அடுக்குத் தாள்களைக் காட்டுங்கள்.

பெஞ்சைத் திருப்புவதில் நமக்கு நல்ல அனுபவம் உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலமெங்கும் போன செயல்வழிக் கற்றலில், பாயில் வட்டமாக உட்கார்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பாடங்களைச் சிறு சிறு படிகளாக அடுக்கிய அட்டவணையை அதில் ஏணி என்பார்கள். எந்தப் பிள்ளை அந்த ஏணியின் எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியர் அன்றன்றைக்குத் தெரிந்து வைத்திருப்பதுதான் அதன் உயிர்நாடி. மாணவர் மையம் என்று நான் நம்புவது அதைத்தான், பாயை இல்லை.

எம்.எட். படிக்க ஆசையிருந்தால் படியுங்கள், நல்லதுதான். ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பாடத்துக்கு ஒரு பக்கமாக, வந்த தவறு, அதை வெளியே கொண்டுவந்த கேள்வி, மாற்றியது எது, மாற்றாதது எது என்று எழுதி வாருங்கள். ஜப்பானில் ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் சுற்றி நின்று பிள்ளைகள் நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று குறிப்பெடுப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசி அந்தப் பாடத்தைத் திருத்துவார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் உங்கள் குறுவள மையத்தில் கணக்கு எடுக்கும் இரண்டு பேர் சம்மதித்தால் இதைச் செய்யலாம். அடுத்த கூட்டத்துக்கு அந்த 42 அரைத் தாள்களையும் எடுத்துப் போங்கள். அடுக்காமல் கலைத்துக் கொடுத்து, அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள்.