வல்லினமா, மெல்லினமா, இடையினமா? பக்கவாதமும் பேச்சும்: கேள்வி பதில்

ஸ்பீச் தெரபிஸ்ட்டாக இருக்கிறேன். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களோடுதான் என் வேலை. மாத்திரை, ஊசி பற்றிய கேள்விகளை உங்கள் நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு எல்லாம் புரிகிறது. கண் மட்டும்தான் மேலும் கீழும் அசைகிறது. கண்ணால் இயக்கும் கணினிக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். வாங்கலாமா?

இப்போதே வேண்டாம். மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியைப் பக்கவாதம் தாக்கினால் இப்படி ஆகும். கண்ணை மேலும் கீழும் அசைக்கிற மையம் அதற்கு மேலே, நடுமூளையில் இருப்பதால் தப்பிவிடுகிறது. பிரான்ஸில் பத்திரிகை ஆசிரியராக இருந்த ழான் தொமினிக் போபி 1995 டிசம்பரில் இந்த நிலைக்கு வந்தார். இடது கண்ணிமை மட்டும் மிச்சம். பிரெஞ்சில் அதிகம் வரும் எழுத்துகளை முன்னால் வைத்து ஒருவர் படிக்க, வேண்டிய எழுத்தில் இமைத்து இமைத்தே ஒரு புத்தகத்தைச் சொல்லி முடித்தார். 1997இல் அது வெளிவந்தது.

நமக்கு இன்னும் வசதி. முதலில் ஆம், இல்லையை உறுதி செய்யுங்கள். மேலே பார்த்தால் ஆம், கீழே பார்த்தால் இல்லை. "நான் உங்க மகளா?", "நாம இருக்கிறது மதுரையா?" என்று விடை தெரிந்ததைக் கேளுங்கள். இது நிலைத்த பிறகுதான் எழுத்து. "உயிரா? வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" ஒவ்வொரு இனத்திலும் ஆறே எழுத்து. மெய் கிடைத்ததும் "புள்ளியா? குறிலா? நெடிலா?" 'தண்ணி' வேண்டுமென்றால் வல்லினத்தில் கண் மேலே போகும், க, ச, ட, த, நான்காவதில் மறுபடி மேலே. குறில், அ. இரண்டு எழுத்து வந்ததும் "தண்ணியா?" என்று கேட்கலாம். நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.

இதே நிலையில் ஒரு தமிழாசிரியரைப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவர் எழுத்துக் கூட்டிச் சொன்னது, 'பேரன் நோட்டு'. மகள் நோட்டை முகத்துக்கு நேரே பிடித்து வரி வரியாக விரலை நகர்த்தினார். ஒற்று விட்டுப்போன இடத்தில் அவர் கண் மேலே போய் நின்றது. அடுத்த வாரம் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் நோட்டோடு வந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன்: தண்ணி, வலி, பாத்ரூம் என்று மூன்று படத்தை ஒட்டிவிட்டு நிறுத்தாதீர்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தமிழாசிரியை: சொல்லின் முதலில் க, ச, த, ப, ஞ, ந, ம, ய, வ என ஒன்பது மெய்தான் உயிரோடு வரும் என்கிறது தொல்காப்பியம். முதல் எழுத்துக்கு ஏன் பதினெட்டையும் படிக்க வேண்டும்?

அருமை! நாளைக்கே என் எழுத்துப் பலகையை மாற்றுகிறேன்.

சேலத்திலிருந்து ஒருவர்: எங்கள் தாத்தா முதலில் கேட்டதே ரசம். அதற்கு எங்கே போவது?

நியாயம். டீயும் டாக்டரும்கூட அப்படித்தான். ஒன்பதையும் படித்துவிட்டுக் கடைசியில் "வேறயா?" என்று கேளுங்கள்.

அதே ஆசிரியை: அப்படியானால் பிரெஞ்சு போலவே அதிகம் வரும் எழுத்தை முன்னால் வைக்கலாமே?

இங்கே உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. புது வரிசையைப் படித்துப் பழகினால் வேகம் வரும், சரி. ஆனால் க, ச, ட, த, ப, ற ஒன்றாம் வகுப்பிலேயே மனதில் ஏறிவிட்டது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்து கண் தயாராகக் காத்திருக்கும். படுக்கையில் இருப்பவருக்குப் புதுப் பாடம் எதற்கு?

திருச்சி: அம்மா நன்றாகப் படித்தவர். எழுத்துப் பலகையைக் காட்டினால் குழம்புகிறார். எதற்கும் "வா வா" என்கிறார்.

இது வேறு பிரச்சினை, அஃபேசியா. வாய்க்குக் கட்டளை போகாததல்ல, மொழியே குலைந்திருக்கிறது. எழுத்தும் அதோடு போயிருக்கலாம். நிஜப் பொருட்களின் புகைப்படத்தைப் போனில் போடுங்கள். நெட்டில் எடுத்த படம் வேண்டாம், உங்கள் வீட்டு டம்ளர், உங்கள் வீட்டு வாசல். சின்ன வயதில் கற்ற பாட்டைத் தொடங்கிப் பாருங்கள். பேச வராதவர்கள் பலருக்குப் பாட வரும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் பேச்சு, மொழிக் குறைபாடாக வருகிறது. நிரந்தரம் என்று டாக்டர் சொன்னால் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

பலகை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடுமா?

போகாது.

எந்த ஆப் நல்லது? (மூன்றாவது முறை)

நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்று முன்னால் கேட்ட இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டேன்.

புறா ரத்தம் தடவலாமா?

வேண்டாம். அந்தக் காசுக்குப் பயிற்சிக்குப் போங்கள்.

ஈரோடு: அப்பா விவசாயி. பலகையைக் காட்டினால் அழுகிறார், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது சகஜம், மருந்தும் உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், "பசிக்குதா, வலிக்குதா" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றைக் கேளுங்கள். இந்தப் பட்டத்துக்கு எந்த வயலில் எள் போடலாம் என்று நான்கு வயலின் படத்தையும் அவர் முன்னால் வையுங்கள். அவர் எதைக் காட்டுகிறாரோ அதில் விதையுங்கள்.