கேள்வி – பதில்: இடம் மாற்றப்பட்ட ஊர்

கேள்வி: நாட்காட்டி ஒன்றில் மில்டன் அப்பாஸ் என்னும் ஆங்கிலக் கிராமத்தின் படத்தைக் கண்டேன். சரிவான தெருவின் இரு மருங்கிலும் கூரை வேய்ந்த வெள்ளை வீடுகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் நிற்கின்றன. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம்தான் நினைவுக்கு வந்தது. அவையும் ஒருவருடைய கட்டளையால் எழுந்தவையா? பழைய ஊர் ஏதும் மிஞ்சியிருக்கிறதா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கள் ஐயம் மிகச் சரியானது. டோர்செட் மாவட்டத்தில் 1752இல் பண்ணை வாங்கிய ஜோசப் டேமர், பின்னாளில் மில்டன் பிரபு, தம் மாளிகையின் அருகே மிடில்டன் என்னும் சந்தை நகர் இருப்பதை விரும்பவில்லை. குத்தகைகள் ஒவ்வொன்றாக முடியும்வரை பல ஆண்டுகள் காத்திருந்து, முடிந்த வீடுகளை இடித்து, அந்நிலத்தைப் புல்வெளியும் ஏரியுமாக மாற்றினார். குடியிருந்தோருக்காக 1780ஆம் ஆண்டளவில், மாளிகையின் கண்ணில் படாத பள்ளத்தாக்கில் எழுந்ததே தாங்கள் படத்தில் கண்ட தெரு. மண்ணும் வைக்கோலும் குழைத்த சுவர்களுடைய 36 வீடுகள். வீடொன்றுக்கு இரு குடும்பங்கள். முன்கதவு ஒன்றுதான், உள்ளே நுழைந்ததும் ஒரு குடும்பம் இடப்புறமும் மற்றது வலப்புறமும் திரும்ப வேண்டும். லயக் காம்பராவில் பிறந்தவர்களுக்கு அந்த நெருக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

வில்லியம் ஹாரிசன் என்ற வழக்கறிஞர் மட்டும் குத்தகைக் காலம் முடியும்வரை அசைய மறுத்தார். பிரபு மதகைத் திறந்து அவர் வீட்டை வெள்ளத்தில் ஆழ்த்தினார் என்றும், ஹாரிசன் வழக்குத் தொடுத்து வென்றார் என்றும் அவ்வூரார் இன்றும் சொல்வர். லயத்தோடு ஒப்பிடும்போது இந்த இடத்தில் நான் தயங்குகிறேன். அவருடைய கையில் குத்தகைப் பத்திரம் இருந்தது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமையே மறுக்கப்பட்ட, தோட்டத் தொழிலாளரான நம் பாட்டன்மாரிடம் அத்தகைய ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை. இன்று வீடு கட்டும் அளவேயான 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டு நம்மவர் நடையாய் நடப்பதன் நியாயம் அதில்தான் இருக்கிறது.

இப்போது அவ்வீடுகளிற் பல, இரண்டு பாதிகளும் இணைந்த தனி வீடுகளாகிவிட்டன. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாதலால் அனுமதியின்றி அவற்றின் தோற்றத்தை மாற்ற முடியாது. ஈராண்டுக்கொருமுறை நடைபெறும் தெருவிழாவில் ஊரார் 18ஆம் நூற்றாண்டு உடையணிந்து வருகிறார்கள். பிரபுவின் மாளிகையில் 1954 முதல் பாடசாலை இயங்குகிறது.

பழைய நகரில் எஞ்சியது சொற்பமே. 1674இல் எழுந்த ஆதரவற்றோர் இல்லத்தைப் புதிய தெருவுக்கு இடம் பெயர்த்துக் கட்டினார்கள்; அதை இன்றும் காணலாம். மாளிகையின் புல்வெளியில் பழைய சந்தை கூடிய இடத்தைக் குறித்த கற்சிலுவையின் அடிப்பீடம் தனித்து நிற்கிறது. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் கோடையில், அதில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயிற் கற்கள் வெளிப்படும்போது கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். அந்தப் பீடமும் அத்தகையதே.