ரொறன்ரோ, மார்க்கம் எல்லையான ஸ்டீல்ஸ் வீதிக்கு இருபுறமும் மழைவெள்ளம்: வீட்டுக்காரர் கேள்வி பதில்

ஸ்காபரோவிலிருந்து: மார்க்கத்தில் மச்சானின் பீலிக்குழாய் நிலத்துக்குள் போகிறது. நான் மட்டும் ஏன் கழற்ற வேண்டும், அண்ணை?

ஸ்காபரோவும் சேர்ந்த ரொறன்ரோ முழுவதும் 2016 டிசம்பர் முதல் கட்டாயம். கூரைத் தண்ணீர் நிலத்தடிச் சாக்கடைக் குழாயை நிரப்பினால் கழிவுநீர் பேஸ்மென்டுக்குள் திரும்பும். கழற்றிய வாய் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி, அயல் வளவைப் பார்க்காமல் இருக்கட்டும். மச்சானுடையது சரியா என்று அவருடைய நகரசபைதான் சொல்ல வேண்டும்.

மார்க்கத்திலிருந்து: சுவரோரம் தண்ணீர் நிற்கிறது. எவ்வளவு சரிவு வேண்டும்?

ஒன்ராறியோ கட்டடச் சட்டக்கோவை இரண்டு நகரங்களுக்கும் ஒன்றுதான்: தண்ணீர் வீட்டருகே தேங்கவும் கூடாது, அயல் காணியைப் பாதிக்கவும் கூடாது. நடைமுறையில் முதல் 1.5 மீட்டருக்கு 15 செ.மீ. இறக்கம் கொடுங்கள், அதற்கப்பால் 10 மீட்டருக்கு 20 செ.மீ. இரண்டு முளை அடித்து, நூல் கட்டி, மட்டம் பார்த்து அளவுங்கள். கண் ஏமாற்றும். நிரப்பக் களிமண்தான் வேண்டும். 10 செ.மீ. படையாகப் போட்டு ஒவ்வொன்றையும் இடித்து இறுக்குங்கள். சல்லியோ பூந்தோட்ட மண்ணோ போட்டால் தண்ணீர் நேரே அத்திவாரத்துக்கு இறங்கும். கடைசியில் மேல்மண், புல்.

செங்கல்லின் அடிக்கு 15 செ.மீ. கீழே மண் நிற்க வேண்டும். செங்கல் அடிவரியில் ஈரம் வெளியேற விட்ட துளைகளை மூடினால் சுவருக்குள் ஈரம் தங்கும். உயரம் போதாவிட்டால் சுவரோரம் ஏற்றாதீர்கள், தூரத்தில் வெட்டித் தாழ்த்துங்கள்.

மார்க்கத்திலிருந்து: பக்கத்து வீட்டார் எல்லை வாய்க்காலை மூடி இன்டர்லாக் (தளக்கல்) போட்டுவிட்டார்.

நகரசபையின் பொறியியல் பிரிவில் உங்கள் மனைப்பிரிவின் மட்ட வரைபடத்தை, அதாவது நிலத்தின் சரிவும் தண்ணீர் ஓடும் வழியும் காட்டும் வரைபடத்தைக் கேளுங்கள். அதில் வாய்க்கால் இருந்தால் உங்கள் கை பலம். மழை விட்ட உடனே, அளவுநாடாவை வைத்துப் படம் எடுங்கள்.

இன்னொருவர்: அவர் காணி, அவர் உரிமை. தாழ்ந்த காணிக்காரர் தண்ணீரைத் தடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறதே?

பாதி சரி. இயல்பாகப் பரவி வரும் மழைநீரை அவர் தடுக்கலாம். மேட்டுக் காணிக்காரரும் அதைக் குழாயில் சேர்த்து அயலாரிடம் தள்ளக் கூடாது. ஆனால் நகரசபை ஏற்றுக்கொண்ட வாய்க்காலை மூட அந்த விதி அனுமதி தராது.

அவரே: நகரசபை ‘உங்களுக்குள் பேசுங்கள்’ என்று கைவிரிக்கிறதே?

இரண்டையும் குழப்பாதீர்கள். உபவிதி (நகரசபைச் சட்டம்) மீறலைப் பார்ப்பது நகரசபை, நட்டஈட்டைத் தீர்ப்பது நீதிமன்றம். முறைப்பாட்டில் பணத்தைப் பற்றி எழுதினால் அப்படித்தான் திருப்பி அனுப்புவார்கள். மூடப்பட்ட வாய்க்காலை மட்டும் எழுதுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து: பின்வளவு முழுவதும் இன்டர்லாக் போடலாமா?

முடியாது. காணி முகப்பு 6 மீட்டருக்கு மேலென்றால் ரொறன்ரோவில் பின்வளவின் பாதியாவது புல், செடியாக இருக்க வேண்டும். இன்டர்லாக் அந்தக் கணக்கில் வராது.

ஏஜக்ஸிலிருந்து: சரிவு எவ்வளவு?

மேலே எழுதிவிட்டேன், தயவுசெய்து வாசியுங்கள். செங்கல்லை மூடாதீர்கள்.

மார்க்கத்திலிருந்து: பேஸ்மென்ட் தண்ணீரை வெளியே தள்ள எந்த சம்ப் பம்ப் நல்லது?

பிளம்பரைக் கேளுங்கள். அதன் தண்ணீரை நடைபாதையில் விடாதீர்கள், குளிரில் உறையும்.

ஸ்காபரோவிலிருந்து: ரூஜ் பள்ளத்தாக்கோரம் மண் கொட்டி மட்டமாக்கலாமா?

ஒரு வண்டில் மண்ணுக்கும் முன்பே அனுமதி எடுங்கள். ரொறன்ரோவின் பள்ளத்தாக்கு உபவிதி அனுமதியின்றி மட்டத்தை மாற்றுவதையே தடுக்கிறது. சுவரோரமும் செங்கல்லை மூடும்படி மண்ணை ஏற்றாதீர்கள்.